நல்லவனா இருந்தா என்ன கிடைக்கும்?

பெயர் எழுதியாயிற்று. என்ன இனம், என்ன தொழில், உடம்பில் பலம் எவ்வளவு, மண்டையில் புத்தி எவ்வளவு என்பதையெல்லாம் நிரப்பியாயிற்று. காகிதத்தில் ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கும். இந்த ஆள் நல்லவரா, கெட்டவரா என்று கேட்கும் கட்டம் அது.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாடுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கட்டத்தின் முன்னால் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தவர்கள்தான். மனசாட்சியைக் கேட்டு எழுதுகிறவர்கள் சிலர் இருப்பார்கள். பெரும்பாலானவர்கள் விதிப்புத்தகத்தைப் புரட்டி, எதை எழுதினால் என்ன கிடைக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுவார்கள்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இறங்குவார்கள். 'குகை வாசலில் பூதம் நிற்கிறது, என்ன செய்கிறீர்கள்?' என்பார் கதை சொல்பவர். 'வாளை உருவுகிறேன்' என்றால் இருபது முகம் கொண்ட ஒரு பகடையை உருட்ட வேண்டும். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதை அது சொல்லும். கதையும் கணக்கும் கலந்த விளையாட்டு. ஒரே ஆட்டம் மாதக்கணக்கில் ஓடும்.

ஆத்தூரில் ஒரு வீட்டில் மே மாத விடுமுறைக்கு இந்த விளையாட்டு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் பிள்ளைகளின் மாமா. பெங்களூரு கம்பெனி வேலையை ஆத்தூரில் இருந்தபடியே பார்க்கிறவர். மூன்று பிள்ளைகள்: நாமக்கல் அக்காவின் மகன், பிளஸ் டூ முடித்தவன், அவன் தங்கை, ஒன்பதாவது போகப்போகிறவள், சென்னையிலிருந்து வந்த சின்ன அக்காவின் பையன், பத்து வயது. மதிய வெயிலுக்கு ஆத்தூரில் வாசலில் கால் வைக்க முடியாது. செல்போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, கூடத்தில் பாய் விரித்து, மாமா பழைய விதிப்புத்தகத்தைத் திறந்தார்.

"கடைசிக் கட்டம், அலைன்மென்ட்" என்றார்.

ஈஸிசேரில் இருந்த தாத்தா கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "எதுக்கு? பைபாஸ்ல டயருக்குப் பண்ணுவானுங்களே, அதுவா?"

ஏறக்குறைய அதுதான். வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்ப்பது. இந்த விளையாட்டு அதற்கு இரண்டு கேள்விகள் வைத்திருக்கிறது. முதல் கேள்வி, ஒழுங்கு முறையை மதிக்கிறவரா, தன் இஷ்டத்துக்குப் போகிறவரா, இரண்டுக்கும் நடுவிலா? இரண்டாவது, நல்லவரா, கெட்டவரா, நடுநிலையா? மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது வகை மனிதர்கள். உலகத்து ஜனங்களை ஒன்பது கட்டத்தில் அடைத்துவிட முடியுமா என்று கேட்டால், ராசிக்காரர்கள் பன்னிரண்டில் அடைக்கவில்லையா?

ஆரம்பத்தில் ஒன்பது இல்லை. 1974ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இந்த விளையாட்டை வெளியிட்டபோது ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என மூன்றே பிரிவுகள். பொம்மைப் படைகளை மேஜையில் நிறுத்திச் சண்டை போடும் விளையாட்டிலிருந்து முளைத்தது இது. அங்கே தெரிய வேண்டியது யார் எந்தப் படையில் என்பதுதான். அணி என்றால் கட்சி. குணம் என்று அர்த்தம் இல்லை. 1978ல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் ஒன்பதும் வந்துவிட்டன. கட்சியாக இருந்தது அப்படித்தான் குணமாக மாறியது. குழப்பமும் அங்கேதான் ஆரம்பித்தது. கட்சியை லாபம் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் யாரும் ஆச்சரியப்படப் போவதில்லை. குணத்தை லாபம் பார்த்துத் தேர்ந்தெடுத்தால்?

மாமா வைத்திருந்தது 2000ல் வந்த மூன்றாம் பதிப்பு. லாப நஷ்டக் கணக்கு மிகவும் பச்சையாகத் தெரிவது அந்தப் பதிப்பில்தான். 'பாலடின்' என்ற தர்மவீரன் வேடம் வேண்டுமானால் 'ஒழுங்கான நல்லவன்' என்றுதான் எழுத வேண்டும், வேறு வழியில்லை. அதற்குச் சம்பளம் உண்டு. அவனுக்குப் பயம் என்பதே கிடையாது. கையை வைத்தால் காயம் ஆறும். தீயவனை வெட்டும்போது வெட்டு கூடுதலாக விழும். தெரிந்தே ஒரு தீய செயல் செய்தால் மொத்தமும் பறிபோகும்.

துறவிச் சண்டைக்காரன் ஒழுங்கானவனாக இருந்தே ஆக வேண்டும். பாட்டுக்காரன் ஒழுங்கானவனாக இருக்கவே கூடாது. (பாட்டுக்காரர்களைப் பற்றி அமெரிக்காவிலும் அதே அபிப்பிராயம்தான் போலிருக்கிறது.) புனித வாள் தீயவனை அதிகம் வெட்டும், தீய வாள் நல்லவனை அதிகம் வெட்டும்.

நாமக்கல் பையன் புத்தகத்தை முக்கால் மணி நேரம் படித்தான். கட்-ஆஃப் போட்டுப் பழகிய பிள்ளை. எதில் எத்தனை மார்க் என்று பார்க்காமல் பேனா எடுக்காது.

"மாமா, நான் சுத்த நடுநிலை. நல்ல வாளும் என்னை எக்ஸ்ட்ராவா வெட்டாது, கெட்ட வாளும் வெட்டாது. தீயவனைக் கண்டுபிடிக்கிற மந்திரத்துலயும் மாட்ட மாட்டேன்."

சென்னைச் சின்னவன் கெட்டவனாகத்தான் இருப்பேன் என்று அடம்பிடித்தான். கெட்டவன் வேண்டாம், கூட வருகிறவர்களையே குத்திவிடுவாய் என்றார் மாமா. அப்படியானால் 'இஷ்டப்படி நடக்கும் நடுநிலை' என்று எழுதிக்கொண்டான். இது உலகப் பிரசித்தி பெற்ற குறுக்குவழி. கெட்டவன் என்ற பெயரும் வராது, செய்வதற்குக் காரணமும் சொல்ல வேண்டாம். 'என் பாத்திரம் அப்படித்தான்' என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்ளலாம். அந்தப் பையனுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை, பத்து வயதில் தானாகக் கண்டுபிடித்தான்.

தங்கைக்காரி தர்மவீரன் வேடத்தை எடுத்தாள். வீரன் இல்லை, வீராங்கனை. கைவைத்தால் காயம் ஆறும் என்ற ஒரு வரிக்காகத்தான் எடுத்தாள். அந்த வரிக்கு எதிரே 'ஒழுங்கான நல்லவள்' என்று இருந்தது, அதையும் எழுதினாள்.

பிள்ளைகள் முதல் நாளே செத்துப்போனால் அழுகை கிளம்பும் என்று, மாமா மூவருக்கும் எடுத்த எடுப்பிலேயே 13ஆம் படி கொடுத்துவிட்டார்.

நடுநிலைக் கணக்கு மூன்றாம் நாள் உதைத்தது. பாழடைந்த கோயிலின் மேல்தளத்தில் ஒரு தேவ காவலன். அவன் 'புனிதச் சொல்' என்ற மந்திரத்தை உச்சரித்தான். அந்தச் சொல் தாக்குவது கெட்டவர்களை மட்டும் அல்ல. நல்லவர் அல்லாத எல்லோரையும். நாமக்கல் பையனுக்கும் சின்னவனுக்கும் காது அடைத்துப் போயிற்று, தர்மவீராங்கனைக்கு ஒன்றும் ஆகவில்லை. நிலவறையில் ஒரு பிசாசு. அது நிந்தனைச் சொல்லை உச்சரித்தது. அது தாக்குவது கெட்டவர் அல்லாத எல்லோரையும். இந்த முறை மூவரும் திகைத்து நின்றார்கள். கூட்டிப் பார்த்தால் தங்கைக்கு ஓர் அடி, நடுநிலைக்காரர்களுக்கு இரண்டு.

"மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி" என்றார் தாத்தா. வாள் விஷயத்தில் நடுநிலை லாபம், சொல் விஷயத்தில் நஷ்டம். விதி எழுதியவர்கள் வேண்டுமென்றே செய்தார்களோ என்னவோ, உலகத்தோடு நன்றாகவே பொருந்துகிறது. மகாபாரதத்தில் ருக்மி பெரும் படையோடு பாண்டவர்களிடம் போனான். பெருமை பேசியதால் வேண்டாம் என்றார்கள். துரியோதனனிடம் போனான். அங்கே போய்விட்டு வந்தவனை நான் சேர்ப்பேனா என்று அவனும் அனுப்பிவிட்டான். பலராமன் மட்டும் புத்திசாலி, யாரிடமும் போகாமல் தீர்த்த யாத்திரை கிளம்பிவிட்டார்.

அசல் சண்டை ஐந்தாம் நாள் வந்தது.

வழிப்பறிக்காரன் ஒருவன் மாட்டிக்கொண்டான். 'உயிரை விட்டுவிடுவதாகச் சொன்னால் கத்தியைப் போடுகிறேன், புதையலுக்கு வழியும் சொல்கிறேன்' என்றான். வீராங்கனை, "விட்டுடறேன்" என்றாள். அவன் கத்தியைப் போட்டான், வழியையும் சொன்னான். சொல்லி முடித்ததும் சின்னவன், "போட்டுத் தள்ளிடலாம்" என்றான். அண்ணனும் சேர்ந்துகொண்டான். அவன் காரணத்தில் தர்க்கம் இருந்தது: இவனை விட்டால் கூட்டாளிகளுக்குத் தகவல் போகும், நமக்கு முன்னால் புதையல் காலியாகும்.

"முடியாது" என்றாள் தங்கை.

"ஏன்?"

"அப்படிச் செஞ்சா என் பவர் எல்லாம் போயிடும். புக்ல இருக்கு."

அண்ணனுக்கு அதுவே போதுமாக இருந்தது. "அப்ப நீ அவன் பாவம்னு விடல. உன் பவர் போயிடும்னு விடற. நீயும் கணக்குதான் பாக்கற, நானும் கணக்குதான் பாக்கறேன். நீ என்ன பெரிய நல்லவ?"

அவளிடம் பதில் இல்லை. அவன் சொன்னது உண்மை என்பதால் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு எழுந்து போனாள். ஆட்டம் அத்தோடு நின்றது.

சமையலறையில் அம்மாயியிடம் வழக்கு போனது. அம்மாயி டிவியில் பட்டிமன்றம் ஒன்று விடமாட்டார். "இது பழைய வழக்குடி கண்ணு" என்றார். "விபீஷணன் நாயத்துக்காகப் போனானா, நாற்காலிக்காகப் போனானான்னு இன்னைக்கு வரைக்கும் பேசிக்கிட்டுதான் இருக்காங்க."

பழைய வழக்குதான். அண்ணன் செய்தது அநியாயம் என்று சொல்லிப் பார்த்து, கேட்காததால் விபீஷணன் ராமனிடம் வருகிறான். அங்கேயும் எடுத்த எடுப்பில் நம்பவில்லை. சுக்ரீவன் சந்தேகப்படுகிறான், அனுமன்தான் பரிந்து பேசுகிறான். போர் தொடங்கும் முன்பே, கடற்கரையிலேயே, இலங்கை அரசு அவனுக்கு என்று ராமன் சொல்லிவிடுகிறான். அதர்மத்தை விட்டு வந்தவனுக்குக் கூடவே ஒரு நாடும் கிடைக்கிறது. எது காரணம், எது பலன்? அந்தப் பக்கம் கும்பகர்ணன். அண்ணன் செய்தது தவறு என்று அவனுக்கும் தெரியும், சொல்லவும் செய்கிறான். ஆனாலும் தோற்கும் பக்கத்திலேயே நின்று சாகிறான். விதிப்புத்தகத்தின் ஒன்பது கட்டங்களில் அவனை எங்கே எழுதுவது? கெட்ட கட்சி, நல்ல குணம். தமிழ்நாட்டு மேடைகளில் கைதட்டல் அவனுக்கும் குறைவில்லாமல் கிடைப்பது, லாபமே பார்க்காத ஆள் என்பதால்தான்.

பட்டிமன்றத்திலேயே வேறொரு வேடிக்கை உண்டு. விபீஷணனைத் திட்டுகிற பேச்சாளர், அடுத்த ஊரில் அவனுக்காகவே உருகிப் பேசுவார். எந்த அணி கொடுத்தார்களோ அந்த அணி. அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

அம்மாயிக்குத் தெரிந்த விளையாட்டில் இந்தச் சிக்கலே கிடையாது. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்க ஆடும் பரமபதத்தில் யாரும் குணத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. தாயம் விழுகிறபடி போக வேண்டியதுதான். ஏணி தூக்கிவிட்டால் புண்ணியம், பாம்பு கடித்தால் பாவம். நல்லவனாக இருக்க முயற்சி செய்யவும் முடியாது, நடிக்கவும் முடியாது. அதே பலகை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துக்குப் போய், நாளடைவில் பாவ புண்ணியப் பெயர்களையும் உதிர்த்துவிட்டு, வெறும் பாம்பும் ஏணியுமாகத் திரும்பி வந்தது.

அன்று சாயங்காலம் தாத்தா வாய் திறந்தார்.

அவர் ஒரு காலத்தில் சின்னதாக ஒரு சேகோ மில் நடத்தியவர். ஆத்தூரைச் சுற்றி அது அபூர்வம் இல்லை. குச்சிக்கிழங்கை உரித்து, கழுவி, அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தேக்கினால் மாவு அடியில் தங்கும். அந்த மாவைக் குலுக்கிக் குலுக்கி உருண்டையாக்கி, சூடான தட்டில் வறுத்து, வெயிலில் காயவைத்தால் ஜவ்வரிசி. விற்பதற்கு 1981ல் சேலத்தில் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நடுவில் ஒரு பெரிய தலைவலி, மக்காச்சோள மாவு. கிழங்கு விலை ஏறும்போது, சிலர் மலிவான மக்காச்சோள மாவைக் கலக்கிறார்கள் என்ற புகார் சேலம் மாவட்டத்தில் பல வருடங்களாக உண்டு.

"நான் கலந்ததில்ல" என்றார் தாத்தா. "ஏன்னு கேளு."

"ஏன்?"

"பம்பாய் வியாபாரி ஒருத்தர் சுத்தச் சரக்குன்னா மூட்டைக்கு இவ்வளவுன்னு சேத்துக் கொடுப்பாரு. அதுக்குத்தான். உங்க அண்ணன் சொல்ற கணக்குதான்."

வடக்கே ஜவ்வரிசி பலகாரம் இல்லை, விரதச் சாப்பாடு. அரிசி, கோதுமை என்று தானியம் எதையும் தொடாத நாட்களில் மகாராஷ்டிரத்துக் குடும்பங்கள் ஜவ்வரிசிக் கிச்சடி சாப்பிடும். கிழங்கில் செய்தது என்பதால்தான் அதற்கு அனுமதி. மக்காச்சோளம் தானியம். கலந்த ஜவ்வரிசி வாங்குகிறவருக்குக் காசு நஷ்டம் மட்டும் இல்லை, அவருக்கே தெரியாமல் அவர் விரதத்தை யாரோ ஆத்தூர்ப் பக்கத்தில் உட்கார்ந்து முறித்துவிடுகிறார்.

"அந்த வியாபாரி சொல்லித்தான் எனக்கு அது தெரியும்" என்றார் தாத்தா. "நாலஞ்சு வருஷம் கழிச்சு அவரு வியாபாரத்த விட்டுட்டாரு. அப்புறம் வந்தவன் எல்லாருக்கும் ஒரே வெலன்னுட்டான். சுத்தத்துக்குக் காசு இல்ல. பக்கத்துல கலக்கறவன் என்னை விடக் கம்மி வெலைக்குப் போட்டான்."

"அப்ப நீங்க கலந்தீங்களா?" என்று கேட்டது நாமக்கல் பையன்.

"இல்ல."

"ஏன் தாத்தா?"

தாத்தா கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். "தெரியலடா. கை வரல. ரெண்டு வருஷம் நஷ்டத்துல ஓட்டிட்டு மில்லக் கொடுத்துட்டேன். உங்க அம்மாயி இன்னைக்கும் திட்டுவா."

உள்ளேயிருந்து, "திட்டாம?" என்று குரல் வந்தது.

மாமா அன்று இரவு தூங்காமல் யோசித்திருக்க வேண்டும். ஏனென்றால் மறுநாள் காலையில் விதியை மாற்றிவிட்டார். மாற்றுவதற்கு அவருக்கு ஆதாரமும் இருந்தது. இந்த விளையாட்டின் சொந்தக்காரர்களே அந்தக் கட்டத்தோடு ஐம்பது வருடமாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 1970களின் கடைசியில் வந்த பதிப்பில் குணம் மாறினால் ஒரு படி இறக்கம். 2008ல் வந்த நான்காம் பதிப்பு ஒன்பதை ஐந்தாகக் குறைத்தது. 2014ல் ஐந்தாம் பதிப்பு ஒன்பதையும் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் அதற்கிருந்த சம்பளத்தையும் அபராதத்தையும் அநேகமாக எடுத்துவிட்டது. தீமையைக் கண்டுபிடிக்கும் மந்திரம் இப்போது பிசாசு, தேவன், செத்தவன் வகையறாக்களைத்தான் காட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதன் நல்லவனா கெட்டவனா என்று அதற்குத் தெரியாது. கட்டம் இருக்கிறது, கணக்கு இல்லை. நாமக்கல் பையன் மாதிரி ஆட்டக்காரர்கள் உலகம் முழுக்கச் செய்த வேலை அது என்றும் சொல்லலாம். ஆனால் பழைய ஆட்டக்காரர்கள் பலருக்கு இதில் வருத்தம். விலை இல்லாத சத்தியத்துக்கு என்ன மதிப்பு என்பது அவர்கள் கட்சி. அதிலும் நியாயம் இருக்கிறது. பவர் போய்விடும் என்ற பயம் இருந்ததால்தானே அந்தப் பெண் ஐந்தாம் நாள் ஒரு கணம் நின்றாள்?

கசக்கிய காகிதத்தை அவளே நீவி எடுத்து வந்தாள். மாமா அதே இடத்தில் கதையைத் தொடர்ந்தார். வழிப்பறிக்காரன் மண்டியிட்டிருக்கிறான். கத்தி கீழே கிடக்கிறது.

"இனிமே எது செஞ்சாலும் உன் பவர் போகாது" என்றார் மாமா. "நான் கேரண்டி. இப்ப சொல்லு, என்ன பண்ற?"

அண்ணன், "அப்பாடா" என்றான். சின்னவன் பகடையை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு தயாரானான். அவள் உடனே பேசவில்லை. காகிதத்தில் 'ஒழுங்கான நல்லவள்' என்று எழுதியிருந்த இடத்தைப் பார்த்தாள், ரப்பரை எடுத்தாள், அழிக்கவில்லை, மறுபடி கீழே வைத்தாள்.

"தூண்ல கட்டிப் போட்டுட்டுப் போலாம். தண்ணி எட்டற மாதிரி வச்சிட்டு."

"இப்ப எதுக்குடி? அதான் பவர் போகாதுன்னு சொல்லிட்டாரே!"

"விடறேன்னு சொன்னேன்ல."

"விளையாட்டுலதான சொன்ன?"

"அவன்கிட்ட சொன்னேன்."

அண்ணன் தாத்தாவைப் பார்த்தான். தாத்தா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

ஓட்டெடுப்பு நடந்தது. இரண்டுக்கு ஒன்று என்று அவள் தோற்றிருக்க வேண்டும். ஆனால் நாமக்கல் பையன் கடைசி நேரத்தில், "நான் நடுநிலை. யாருக்கும் போடல" என்று நழுவிவிட்டான். ஒன்றுக்கு ஒன்று. முடிச்சுப் போடுவதற்குள் சின்னவன் வெட்டப் போனான். அவள் குறுக்கே நின்றாள். மாமா பகடையை உருட்டச் சொன்னார். சின்னவனுக்கு விழுந்தது மூன்று.

வழிப்பறிக்காரனைக் கட்டிப் போட்டுவிட்டு மூவரும் கிளம்பினார்கள். அவன் கட்டை அவிழ்த்துக்கொள்வானா என்பதை மாமா ரகசியமாக, கையால் மறைத்துக்கொண்டு உருட்டினார். பதினெட்டு விழுந்தது. குறுக்குவழி தெரிந்த ஆள். இவர்களுக்கு முன்னால் போய்விட்டான். புதையல் அறையைத் திறந்தபோது உடைந்த பெட்டியும் நாலு செப்புக் காசும்தான் இருந்தன.

சின்னவன் சென்னைக்கு பஸ் ஏறும்வரை அவளோடு பேசவில்லை. அந்த நாலு காசையும் தன் பங்கு என்று எழுதி வாங்கிக்கொண்டு போனான்.